துஸ்கோலில் ஆசிட் கறந்த குதிரை

பெரிய ஒன்றியம் பல நாடுகளாக உடைந்த மூன்றாம் ஆண்டு மே மாதத்தில், துஸ்கோல் ரயில் நிறுத்தத்தில் கனிபாவின் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை பாலுக்குப் பதிலாக பேட்டரி ஆசிட் கொடுத்தது. அந்த மாதம் மாவு விலை இரண்டு மடங்கானது. வடக்கே போகும் பயணிகள் ரயில் வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஊர்க் கூட்டுப் பண்ணையின் கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார். கனிபா வழக்கம்போலக் குட்டியைக் கொண்டுவந்து தாயின் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கால் மண்டியிட்டு, தொடைமேல் தகர வாளியை வைத்துக் கறந்தாள். நாலு பீச்சு விழுந்ததும் வாளி சீறியது. நுரை பொங்கி, தொண்டையைக் கமறவைக்கும் ஆவி எழுந்தது. அவள் வாளியை வேலியோரம் வைத்துவிட்டுப் புருஷனை எழுப்பி அழைத்து வருவதற்குள் அடித்தகடு தனியாக விழுந்து, மண் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பருத்தி மேலாடை அன்று மாலை துவைத்தபோது சல்லடையாகக் கையோடு வந்தது. குட்டி மட்டும் வயிறு முட்டக் குடித்து, ஒரு தும்மல் போட்டு, வெயிலில் படுத்துத் தூங்கியது. அதற்கு அன்றும் பிறகும் ஒன்றும் ஆகவில்லை. பிடரியைத் தடவினால் விரலில் லேசாகச் சுருக்கென்று அடிக்கும், அவ்வளவுதான்.

கனிபாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கறவையில் சுத்தம் பார்ப்பவள் என்று அந்த வட்டாரத்தில் பெயர். கறப்பதற்கு முன் கையையும் குதிரையின் மடியையும் வெந்நீரால் கழுவுவாள், பால் ஆறுவதற்குள் வெள்ளைத் துணி போட்டு மூடுவாள். அவள் புளிக்கவைத்த குதிரைப் பாலை ரயில் நிற்கும் மூன்று நிமிடத்துக்குள் வாங்கிக் குடிக்க ஆட்கள் பெட்டியிலிருந்து குதித்து ஓடிவருவார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தன் குதிரையின் மடியிலிருந்து எண்ணெய்போல வழுவழுப்பாக, மணமில்லாமல், நிறமில்லாமல் இறங்கிய அந்த நீரைப் பார்த்ததும் கையைத் திரும்பத் திரும்பக் கழுவத் தோன்றியது. ஊரில் யாருக்கும் தெரியாமல் நாலு நாள் மண்ணில் கறந்து விட்டாள். அவள் புருஷன் ஒராஸ்பெக் முன்பு தண்டவாளத்தில் கொடி காட்டுபவனாக இருந்தவன். வேலை போன பிறகு படுக்கை விரிப்பின்மேல் சாய்ந்து கிடப்பதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய தங்கை பல்ஜான்தான் நிறுத்தத்தின் ஒலிபெருக்கியில் ரயில் வருவதை அறிவிப்பவள். கல்யாணமாகாதவள், வாய் ஓயாதவள், அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

“அண்ணி, இனிமே உன் கையால டீ வாங்கிக் குடிக்கவே பயமா இருக்கு. பால் ஊத்துறியா, பேட்டரிக்கு ஊத்துறியா?”

“வாய மூடுடி. ஊர் பூரா கேட்கப் போவுது.”

“நான் வாய மூடினா இந்த ஊருல ரயிலே வராது, தெரியுமில்ல?”

ஊர் பூராவும் கேட்டது. மறுநாள் பண்ணையின் டிராக்டர் கொட்டகையில் பேட்டரி அறைக்குப் பொறுப்பாக இருந்த சப்பார்பை வந்து சேர்ந்தான். இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபது வருஷம் ஆசிட்டில் வேலை பார்த்தும் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. கல்யாணப் பெண்ணுடையதைப் போல நகங்களைச் சுத்தமாக வைத்திருப்பான். எங்கே போனாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பெரிய பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கத்தில் சோடா மாவு கரைத்த ஒரு வாளி. பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுவான், எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டு பேசுவான். அன்று ஒரு ஊறுகாய் ஜாடியில் கறக்கச் சொல்லி, ரப்பர் பந்து பொருத்திய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, உள்ளே மிதந்த மிதவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அடர்த்தி ஆயிரத்து இருநூற்று எண்பது,” என்றான். “ஒரு புள்ளி கூடுதலும் இல்ல, ஒரு புள்ளி குறைச்சலும் இல்ல. ஃபேக்டரியில கூட இப்படி வராது தங்கச்சி. பாரு, தூசு இல்ல, மஞ்சள் இல்ல. பேட்டரித் தகட்டுக்குத் தாய்ப்பால் மாதிரி.”

கனிபா வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

அவன் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான். அதை மறுக்க முடியாது. இரும்பு, தகரம், அலுமினியம் எதிலும் பிடிக்கக் கூடாது. கண்ணாடி, பீங்கான், கெட்டி பிளாஸ்டிக் மட்டும்தான். பருத்தி போட்டுக்கொண்டு கறக்கக் கூடாது, ஓட்டையாகும், கம்பளி தாங்கும். கண்ணில் பட்டால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர், நிறையத் தண்ணீர், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. தோலில் பட்டால் முதலில் தண்ணீர், பிறகு சோடாக் கரைசல். வயிற்றுக்குள் போனால் சோடாவும் கொடுக்கக் கூடாது, வாந்தியும் எடுக்கவைக்கக் கூடாது. போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். “எல்லாத்துக்கும் மேல ஒண்ணு,” என்றான். “கலக்கணும்னா ஆசிட்டத்தான் தண்ணியில ஊத்தணும், கொஞ்சங் கொஞ்சமா. தண்ணிய ஆசிட்டுல ஊத்துனா, அது கொதிச்சு உன் மூஞ்சியிலயே தெறிக்கும். இத ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.” கனிபா ஒராஸ்பெக்கின் பழைய ரயில்வே மழைக்கோட்டுக்குள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், கறவை இடத்தில் சோடா வாளியை நிரந்தரமாக வைத்தாள். குதிரைக்கு இந்தக் கோலம் முதல் நாள் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

அந்த வருஷம் துஸ்கோலில் பேட்டரி ஆசிட் தங்கத்தைவிட அரிதாக இருந்தது. அதைச் செய்த தொழிற்சாலை எல்லை பிரிந்ததில் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நின்ற இடத்திலேயே துருப்பிடித்தன. மின்சாரம் நாளுக்கு மூன்று மணி நேரம் வந்தது. மற்ற நேரத்தில் விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் வீட்டுக்கு வீடு ஒரு பழைய லாரி பேட்டரிதான் கதி. ஆகவே ஊர் முழுக்கக் கனிபாவின் வேலியில் வந்து சாய்ந்தது. வந்தவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களை நினைத்தால் இன்றும் குமட்டும். பிள்ளைகளின் பால் புட்டி, வோட்கா பாட்டில், செத்துப்போன மாமனாரின் பல்செட்டு ஊறிக்கொண்டிருந்த கண்ணாடித் தம்ளர், அதுவும் கழுவாமல். ஒருவன் ஆசிட் நல்லதா என்று பார்க்க விரலைத் தொட்டு நக்கினான், நாக்கு தோலுரிந்து இரண்டு நாள் உளறினான், மூன்றாம் நாள் மறுபடியும் வந்து நின்றான். ஒருத்தி ஆட்டுச் சொறிக்குப் பூசினாள். இன்னொருவன் பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தின் வேரில் இரவோடிரவாக ஊற்றினான். எல்லோரும் தங்கள் பேட்டரியில் கிடந்த பழைய கறுப்புச் சாறைப் பொதுக் கால்வாயில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். வாத்துகளின் அலகு உதிர்ந்தது. கண்டமேனிக்குச் சார்ஜ் ஏற்றிய வீடுகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பி, அந்தக் கோடை முழுவதும் ஊரின் மேல் ஒரு ஈரப் போர்வைபோலக் கிடந்தது. அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து சப்புக்கொட்டிக்கொண்டு தொடர் நாடகம் பார்த்தார்கள்.

குதிரையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜூலை வெயிலில் அது கொடுத்தது ஆயிரத்து இருநூற்று நாற்பதுதான், வெக்கையில் தகடு அரிக்காமல் இருக்க அந்த அளவே போதும். செப்டம்பரில் மறுபடி இருநூற்று எண்பதுக்கு ஏறியது. குளிர் கெட்டிப்பட்டதும் ஆயிரத்து முந்நூறைத் தொட்டது. அதற்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வழக்கமாகக் குளிர் தொடங்கியதும் குதிரைக்கு மடி வற்றும், இதற்கு வற்றவில்லை. கனிபா தன் பங்குக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். “உங்க பேட்டரியில குறைஞ்சது தண்ணிங்க, ஆசிட் இல்ல. தண்ணிதான் ஆவியாப் போகும். சுத்தமான பனிய உருக்கி ஊத்துங்க, ஆவியில வடிச்ச தண்ணி இருந்தா அத ஊத்துங்க. மேல மேல ஆசிட்ட ஊத்தினா தகடு வெந்து போயிடும்.” யாரும் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதைத் தரமாட்டேன் என்கிறாள், கஞ்சப் பிசினாரி என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

இலவசம் என்பதும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒராஸ்பெக்கும் சப்பார்பையும் தங்களுக்குள் பேசி முடித்தார்கள். கறவை எல்லாம் சப்பார்பைக்கு. பதிலுக்கு ஒராஸ்பெக் வீட்டுக்கு மாவு, நிலக்கரி, சர்க்கரை. கனிபாவிடம் யாரும் கேட்கவில்லை. ஒராஸ்பெக் படுக்கையிலிருந்து எழுந்து ஊருக்குள் நடக்கத் தொடங்கினான், தொப்பையைத் தடவிக்கொண்டே “என் குதிரை, என் குதிரை” என்றான். சப்பார்பை அந்த ஆசிட்டை எலுமிச்சைச் சோடா பாட்டில்களிலும் மினரல் வாட்டர் பாட்டில்களிலும் அடைத்துச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அனுப்பினான். பாட்டிலின் பழைய லேபிளைக்கூட உரிக்கவில்லை. கனிபா அதைப் பார்த்தபோது கேட்டாள்.

“அண்ணே, குடிக்கிற பாட்டில்ல ஊத்துறீங்களே. மேல ஏதாவது எழுதி ஒட்டக் கூடாதா?”

“யாருக்குத் தெரியாது தங்கச்சி? மோந்து பாத்தாலே தெரியுமே.”

“அதுக்கு மணமே இல்லையே, அண்ணே.”

அவன் சிரித்தான். கையுறையைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினான். தன் அறையில் இருந்த ஜாடிகளில் எல்லாம் சிவப்பு மையால் ஆசிட் என்று பெரிதாக எழுதி வைத்திருந்தவன் அவன்.

அக்டோபர் கடைசியில் முதல் கடுங்குளிர் வந்தது. ஒரே இரவில் துஸ்கோலின் பேட்டரிகள் வெடித்தன. வெடித்தன என்றால் சத்தத்தோடு அல்ல. உள்ளே இருந்தது உறைந்து, பெட்டி பிளந்து, காலையில் லாரிகளுக்கு அடியில் ஐஸ் கட்டிகளாகக் கிடந்தது. நல்ல ஆசிட் அந்தக் குளிருக்கு உறையாது. ஊர் கூடி வந்து கனிபாவின் வாசலில் கத்தியது. குதிரைக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, தீனியைக் குறை என்றார்கள். கறக்கிறவளின் கை சரியில்லை என்றார்கள். கனிபா ஒருவன் கையிலிருந்த சப்பார்பையின் பாட்டிலைப் பிடுங்கி மிதவைக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தாள். ஆயிரத்து நூறு. அடியில் மண்ணும், ஒரு தவளைக் குஞ்சின் காலும் இருந்தன. உப்பு ஏரிக்குப் போகும் ஓடையிலிருந்து எடுத்த தண்ணீர். அந்த உப்பும் இரும்பும் போதும், தகட்டை ஒரு மாதத்தில் தின்றுவிடும். அவள் நேராக டிராக்டர் கொட்டகைக்குப் போனாள்.

“கலந்தீங்களா?”

“கலந்தேன்,” என்றான் சப்பார்பை, ஒளிக்கவே இல்லை. “நாலு வீட்டுக்கு வர்றத பத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன். புண்ணியந்தானே?”

“ஓடைத் தண்ணி, அண்ணே. தவளைக் கால் கிடக்குது.”

“ஆசிட்டத்தான் தண்ணியில ஊத்தினேன் தங்கச்சி, தண்ணிய ஆசிட்டுல ஊத்தல. முறையாத்தான் செஞ்சேன். எனக்கு ஒரு சொட்டு தெறிக்கல, பாரு.” கைகளை நீட்டிக் காட்டினான். கனிபா அந்தக் கைகளைப் பார்த்தாள். அதுவரை அவள் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அருவருப்பான பொருள் அந்தச் சுத்தமான பத்து நகங்கள்தான் என்று பிற்பாடு சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒராஸ்பெக்கிடம் இனி அவனுக்கு ஒரு சொட்டு தரமாட்டேன் என்றாள். “அப்ப நிலக்கரிய உங்கப்பன் கொண்டாருவானா?” என்று அவன் திரும்பிப் படுத்தான். குளிரில் வேறு வழியில்லாமல் அவள் கறந்தது முன்போலவே சப்பார்பைக்குப் போனது.

நவம்பரில் பண்ணைத் தலைவரின் மகனுக்குச் சுன்னத்து விருந்து. மத்தியானமே ஊர் கூடிவிட்டது. இரண்டு குதிரை அறுத்து, கறியும் வேகவைத்த மாவுத் தகடுமாகத் தாம்பாளங்கள் வந்தபடி இருந்தன. மேஜைகளில் வோட்காவுக்கு நடுவே மினரல் வாட்டர் பாட்டில்கள். அவற்றில் ஒன்று தலைவரின் டிரைவர் அன்று காலை லாரிக்காகச் சப்பார்பையிடம் வாங்கிவந்து சமையலறை ஜன்னலில் வைத்தது. பரிமாறிய பெண்கள் மற்றவற்றோடு அதையும் எடுத்துவந்து வைத்தார்கள். பல்ஜானை வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் ரயிலை அறிவிப்பதுபோலவே அவள் அந்தப் பையனை அறிவித்தாள்: “கவனிக்கவும், கவனிக்கவும்! ஆண்பிள்ளைகளின் நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார், அவருடைய கடைசிப் பெட்டியில் கொஞ்சம் குறைந்திருக்கிறது!” ஜனங்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தொண்டை வறண்டு, கைக்கு எட்டிய பாட்டிலிலிருந்து தம்ளரில் ஊற்றி ஒரே மடக்காகக் குடித்தாள்.

கனிபா மேஜையின் மறுகோடியிலிருந்து தம்ளரைப் பார்த்தாள், தண்ணீர் அப்படி எண்ணெய்போல விளிம்பில் ஒட்டி இறங்காது என்று கண்டாள், கத்தினாள். அதற்குள் முடிந்துவிட்டது. பல்ஜான் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். ஒருவன் வாந்தி எடுக்கவைக்க அவள் வாய்க்குள் விரலை விட வந்தான், கறிக் கொழுப்பு வழிந்த விரல். கனிபா அந்தக் கையைக் கடித்தாள். ஒருத்தி சோடா கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள், அதைத் தட்டிவிட்டாள். நாத்தனாரின் தலையை மடியில் வைத்து, வாயைத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கொப்புளிக்கவைத்து, பிறகு பாலைக் கரண்டி கரண்டியாக உதட்டில் விட்டாள். மாவட்ட ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. ஏழிலும் சாவியைத் திருப்பினார்கள், ஒன்றுகூட முனகவில்லை. ஒராஸ்பெக் விருந்திலிருந்து எழுந்து ஓடினான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து தன் பழைய சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்று, கோதுமை ஏற்றிக்கொண்டு நிற்காமல் போகவேண்டிய சரக்கு ரயிலைத் தன் மார்புக்கு எதிரே நிறுத்தினான். எஞ்சின் டிரைவர் இறங்கி அவனை ஓர் அறை அறைந்தார். பிறகு அழுதுகொண்டிருந்த அந்தக் குண்டு மனிதனைப் பார்த்துவிட்டு, பல்ஜானை எஞ்சினுக்குள் தூக்கிப் படுக்கவைக்கக் கை கொடுத்தார்.

அவள் பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை. முழு ஆசிட்டாக இருந்திருந்தால் அன்றே போயிருப்பாள், பாதிக்குமேல் தண்ணீர் கலந்திருந்ததால் உயிர் மிஞ்சியது என்று டாக்டர் சொன்னார். இந்தச் சொல் ஊருக்கு வந்த அன்றே சப்பார்பை வீடு வீடாகப் போனான். “பாத்தீங்களா? நான் மட்டும் தண்ணி கலக்கலைன்னா இன்னைக்கி அந்தப் பொண்ணுக்குக் குழி தோண்டியிருப்போம். எல்லாம் ஆண்டவன் என் கையில செய்யச் சொன்னது.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சப்பார்பை அவர்களுக்கு ஓர் ஆடு அறுத்தான். ஆட்டுத் தலையில் காதை ஒருவரும் கண்ணை ஒருவருமாகப் பிடுங்கித் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, இது விபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கனிபா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, வேலியோரம் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விருந்தில் இருந்தவர்கள்தான். பல்ஜான் சொன்னதற்குச் சிரித்தவர்கள்தான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மினரல் வாட்டர் பாட்டில். “கொஞ்சம் கெட்டியாக் கறந்து கொடு கனிபா, போன தடவ ஒறஞ்சி போச்சி,” என்றாள் முன்னால் நின்றவள். கனிபா அங்கேயே, அவர்கள் கண்ணெதிரே, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். அவர்கள் பூட்ஸை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

உள்ளே போய் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு குதிரையிடம் போனாள். கழுத்தில் கயிறு போட்டு, முன்னங்காலைக் கட்டிவிட்டாள். குதிரை அவள் மழைக்கோட்டின் பையில் மூக்கை நுழைத்து ரொட்டி தேடியது. வேலிக்கு வெளியே இருந்தவர்கள், ஐயையோ, அப்புறம் விதைப்புக்கு டிராக்டர் எப்படிக் கிளம்பும், எங்களைப் பட்டினி போடப் பார்க்கிறாயா என்று கூச்சலிட்டார்கள். பல்ஜான் எப்படி இருக்கிறாள் என்று அந்தக் கூச்சலில் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. கனிபாவுக்குக் கை கத்தியில் இறுகி இருந்தது. விதைப்பு நடக்காவிட்டால் அடுத்த வருஷம் இந்த ஊரில் சாகப்போவது யார் என்று யோசித்தாள். சப்பார்பை சாகமாட்டான், அவனுக்கு எங்கேயும் ரொட்டி கிடைக்கும். குதிரையைப் பார்த்தாள். அது பருவத்துக்குத் தக்கபடி, ஒரு தூசு கலக்காமல், சரியானதை மட்டுமே கொடுத்துவந்தது. அதற்குப் பிறகு நடந்த எல்லாம் மனிதக் கையால் நடந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு வேலிக்கு வந்தாள்.

“கேட்டுக்கங்க. இந்த வேலியத் தாண்டி ஒரு சொட்டு வெளியே போகாது. பாட்டிலோட எவன் வந்தாலும் அந்தப் பாட்டிலாலயே அடிப்பேன். வேணும்னா பேட்டரியத் தூக்கிட்டு வாங்க. நான் பாத்து, நான் ஊத்துவேன். தண்ணி வேணும்னா தண்ணி, ஆசிட் வேணும்னா ஆசிட். பழைய சாற இங்கேயே சுண்ணாம்புக் குழியில ஊத்திட்டுப் போங்க.”

“பேட்டரி முப்பது கிலோடி! முதுகு ஒடையாதா?”

“ஒடையட்டும்.”

சப்பார்பை இதை ஒரு பெண்பிள்ளையின் கோபம் என்று நினைத்தான். கனிபா பல்ஜானைப் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில், கண்ணாடி, கையுறை, ரப்பர் மேலங்கி, சோடா வாளி சகிதம் வந்து, குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, தானே கறந்தான். பால் வந்தது. வெள்ளைப் பால், இளஞ்சூடாக, லேசான தித்திப்பு மணத்தோடு. மிதவைக் குழாயில் பார்த்தான். ஜாடியைக் கொட்டிவிட்டு மறுபடி கறந்தான், மறுபடியும் பால். ஒராஸ்பெக் ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்து, மூன்றாவது ஜாடி நிரம்பியதும் வெளியே வந்து, அதை அவன் கையிலிருந்து வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு, “இனிமே இந்தப் பக்கம் வராத,” என்றான். அந்தக் குளிர்காலத்தில் வேறு மூன்று பேரும் திருட்டுத்தனமாகக் கறந்து பார்த்தார்கள், மூவருக்கும் பால்தான் கிடைத்தது. கனிபா கறந்தால் மட்டும் ஆசிட். ஊரில் இதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது ஊர்ஜிதமானது, அவ்வளவுதான்.

தூக்கினார்கள். பனிச்சறுக்கு வண்டியில் இழுத்தார்கள், பசுமாட்டின் முதுகில் கட்டினார்கள், ஒருவன் தன் மாமியாரின் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்தான், மாமியார் பின்னால் திட்டிக்கொண்டே நொண்டி வந்தாள். கனிபாவை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவள் ஏச்சைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மூடியாகத் திறக்கவைத்து, அளந்து, முக்கால்வாசிப் பேருக்கு பனி உருக்கிய வெறும் நீரை ஊற்றி அனுப்பினாள். சிகரெட்டோடு வந்தவனை, வாயு தீப்பிடிக்கும் என்று, சார்ஜ் ஏறும் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் விடவில்லை. பல்ஜான் பிப்ரவரியில் திரும்பினாள். ரயில்வே அவள் இடத்தில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தது. வந்த முதல் நாள் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். இரண்டாம் நாள் எழுந்து வந்து, கனிபாவின் கையிலிருந்து மிதவைக் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். வரிசையில் எவனாவது முந்தினால் அவன் காலடியில் துப்புவாள். பேச்சைவிட அது நன்றாகப் புரிந்தது. ஏப்ரலில் பண்ணையின் டிராக்டர்கள் பதினாறும் கிளம்பின. அந்த ஊர் அந்த வருஷம் சாப்பிட்டது. சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்க்கக் கனிபாவுக்குப் பிடிக்கவில்லை. ரொட்டி வாங்கப் போனாலும் தலையைக் குனிந்தே போய்வந்தாள்.

சப்பார்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவட்டத் தலைநகரில் கடை வைத்தான், மேல்வரிசைக்குத் தங்கப் பல் கட்டினான், பேரப்பிள்ளைகளைப் பார்த்தான், பள்ளிவாசல் கட்ட முதல் நன்கொடை கொடுத்தவர்களில் அவன் பெயரும் உண்டு. வருஷங்கள் போயின. தொழிற்சாலை ஆசிட் சிவப்பு லேபிளோடு கடைக்கு வந்தது, மின்சாரம் நாள் முழுக்க வந்தது. இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் துஸ்கோலுக்கே பேட்டரியைத் தூக்கி வந்தார்கள், அங்கே ஊற்றிய பேட்டரி பத்து வருஷம் உழைக்கும் என்பதால். ஒரு கோடையில் அந்த வரிசையில் சப்பார்பையும் நின்றான். வெளிநாட்டுக் கார் ஒன்றின் பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு. முடி நரைத்திருந்தது. யாரும் அவனை முன்னால் விடவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றான்.

அவன் முறை வந்ததும் பல்ஜான் நிமிர்ந்து பார்த்தாள். கனிபா கையிலிருந்த ஆசிட் ஜாடியைக் கீழே வைக்கவில்லை.  மூடியைத் திறந்து அதை விளிம்பு வரை ஊற்றினால் போதும், அவன் கார் ஒரு மாதத்தில் செத்துவிடும், யாருக்கும் தெரியாது, அவனைத் தவிர.

“தங்கச்சி, சௌக்கியமா?” என்றான் சப்பார்பை. “பல்ஜானு, நல்லா இருக்கியாம்மா?”

பல்ஜான் ஆறு மூடியையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் குழாயை விட்டு உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆறாவதைப் பார்த்து முடித்ததும் அண்ணியைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினாள். ஆசிட் வேண்டியதில்லை. கனிபா ஜாடியைக் கீழே வைத்தாள். பல்ஜான் வடித்த நீர் இருந்த குவளையை எடுத்து, தகடுகள் மூழ்கி விரல் அகலம் மேலே நிற்கும்வரை, ஒரு சொட்டு அதிகமில்லாமல், ஒரு சொட்டு குறைவில்லாமல், ஒவ்வொரு அறையாக ஊற்றினாள். மூடிகளைத் திருகினாள். மேலே ஈரம் நின்ற இடத்தைச் சோடா நனைத்த துணியால் துடைத்து, முனைகளுக்குக் கிரீஸ் தடவினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாம் செய்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் கைவிட்டவளைப்போல இருந்தது அவள் முகம். 

சப்பார்பை பேட்டரியைத் தூக்கவில்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபது வருஷ அனுபவம் உள்ளவன் கண்ணுக்கு அந்த வேலையில் ஒரு குறையும் கிடைத்திருக்காது. “முறையாச் செஞ்சிருக்கீங்க,” என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் மிட்டாய் எடுத்து வேலியின்மேல் வைத்தான். இரண்டு பெண்களும் அதைத் தொடவில்லை. அவன் போன பிறகு ஒராஸ்பெக் எடுத்துத் தின்றான்.

பல்ஜான் கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். ஜாடியில் ஆசிட் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அடுத்து நின்றவன் அறுவடை எந்திரத்தின் பேட்டரியோடு தூரத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக வந்தவன்.

“இன்னும் இருக்குதா, இல்ல நாளைக்கி வரணுமா?” என்று கேட்டான்.

“இரு, கறந்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டுக் கனிபா வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குதிரையிடம் போனாள். அவன் சரி என்று நிழலில் உட்கார்ந்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினான்.